கிரெம்லினைக் குட்டிச்சாத்தான் என்று மொழிபெயர்க்கலாமா?

கேள்வி (ஒரு வாசகர்) — 9 அக்டோபர் 2023

இரண்டாம் உலகப்போர்க் கால விமானி ஒருவரின் நினைவுக்குறிப்பை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். என்ஜின் மக்கர் செய்தாலும், கருவியின் முள் தவறாகக் காட்டினாலும் 'கிரெம்லின் வேலை' என்று எழுதுகிறார். மாஸ்கோவின் கிரெம்ளின் மாளிகைக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா? 'குட்டிச்சாத்தான்' என்று போட்டுவிட எண்ணம். இரண்டும் ஒன்றுதானே?

9 அக்டோபர், இரவு

இரண்டும் ஒன்றல்ல. கிரெம்லின் என்பது விமானங்களைக் கெடுப்பதாக விமானப்படைக்காரர்கள் சொல்லிக்கொண்ட குட்டிப்பேய். மாளிகைக்கும் தொடர்பில்லை. ஆங்கிலத்தில் இரண்டு சொற்களின் முதல் ஒலியும் வேறு. நம்மிடம் இரண்டுக்கும் ஒரே 'கி' என்பதால் வந்த குழப்பம் இது. ஆனால் ஆங்கிலத்திலேயே இந்த ஒலி ஒற்றுமையை வைத்து விளையாடியிருக்கிறார்கள். 1944-இல் வந்த ஓர் அமெரிக்கக் கார்ட்டூனில் ஹிட்லர் மாஸ்கோ மீது குண்டு போட விமானம் ஓட்டிக்கொண்டு போவார். 'கிரெம்ளினின் கிரெம்லின்கள்' என்று பாடிக்கொண்டே குட்டிப் பிராணிகள் அந்த விமானத்தைப் பிய்த்துப்போடும்.

சொல் போருக்கு முந்தியது. பிரிட்டிஷ் விமானப்படைக்காரர்கள் மால்டா, மத்திய கிழக்கு, இந்தியா என்று சிதறிக் கிடந்த 1920-களிலேயே அவர்கள் வாயில் புழங்கியது. 1929-இல் ஒரு விமானப் பத்திரிகையில் வந்த பாடலில் அச்சேறிவிட்டது. வேர் எது என்பதில் அடிதடி. 'எரிச்சலூட்டு' என்று பொருள்படும் பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது என்பது ஒரு கட்சி. கென்ட் பகுதியில் காய்ச்சப்பட்ட ஃப்ரெம்லின் பீர் பாட்டிலிலிருந்து எழுந்து வந்தது என்பது இன்னொரு கட்சி. விமானப்படை விடுதிகளின் இரவுகளைப் பற்றிக் கேள்விப்பட்டவரையில் இரண்டாவதை நம்பவே மனம் விரும்புகிறது. ஆதாரம் கேட்காதீர்கள்.

நான் 31 வருடம் மீனம்பாக்கத்தில் ஒரு ஹேங்கரில், அதாவது விமானம் பழுதுபார்க்கும் கொட்டகையில், கருவிப் பிரிவில் வேலை பார்த்தவன். எங்களிடமும் ஒரு கிரெம்லின் இருந்தார். பெயர் 'மாப்பிள்ளை'. சொல்லாமல் வருவார், எதைக் கொடுத்தாலும் திருப்தி கிடையாது, யாரும் திட்டவும் முடியாது.

10 அக்டோபர்

குட்டிச்சாத்தான் ஏன் கூடாது என்று நேற்றே சொல்லியிருக்க வேண்டும். பேச்சு பீர் பக்கம் போய்விட்டது.

குட்டிச்சாத்தான் என்ன செய்யும்? கூரை மேல் கல் விழும். கொடியில் காயும் துணி தானாகப் பற்றி எரியும். வடித்த சோற்றில் அசிங்கம் கிடக்கும். இவ்வளவு நடந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, 'யார் ஏவிவிட்டது?' ஓரகத்தியா, பங்காளியா, கிணற்றுத் தகராறு வைத்திருக்கிற பக்கத்துத் தோட்டக்காரனா? சாத்தானுக்குப் பின்னால் ஒரு மந்திரவாதி, மந்திரவாதிக்குப் பின்னால் பணம் கொடுத்தவன். நம் ஊரில் தொல்லைக்கு எப்போதும் ஒரு முகவரி உண்டு.

கிரெம்லினுக்கு அது கிடையாது. அதை யாரும் ஏவவில்லை. முதலில் சில பிரிட்டிஷ் விமானிகள் இதை எதிரியின் கைக்கூலி என்றுதான் நினைத்திருக்கிறார்கள். பிறகு பார்த்தால் ஜெர்மன் விமானங்களுக்கும் அதே கோளாறு, அதே தலைவலி. அது எந்தப் பக்கமும் இல்லை என்று தெரிந்துபோனது. எதிரியோடு உயிர் போகிற சண்டையில் இருப்பவர்கள், எதிரி மேல் பழி போடாத ஒரு பேயை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் வியப்பு.

இன்னொன்று. விமானி தரையிறங்கியதும் கோளாறை எழுதுவதற்கு ஒரு லாக் புத்தகம் உண்டு. 'உயரம் காட்டும் முள் 8,000 அடிக்கு மேல் துடிக்கிறது.' நாங்கள் கழற்றிச் சோதித்துக் கீழே எழுதுவோம்: 'தரையில் சோதிக்கப்பட்டது, குறை காணவில்லை.' மறுநாள் அதே விமானி அதே வரி. மூன்றாம் நாள் அவருக்கு நாங்கள் சோம்பேறிகள், எங்களுக்கு அவர் புளுகர். இந்த இடத்தில்தான் மாப்பிள்ளை தேவைப்படுவார். 'மாப்பிள்ளை வந்திருக்கிறார் சார்' என்று சொன்னால் விமானி சிரித்துவிடுவார். மறுபடி கழற்றுவோம்.

(அந்த முள் விஷயம்: இணைப்பானுக்குள் ஈரம். மேலே குளிரில் நீராகிச் சேரும், கீழே மீனம்பாக்கத்து வெயிலில் காய்ந்துவிடும். கண்டுபிடிக்க இரண்டு வாரம்.)

10 அக்டோபர், மதியம்

உண்மையிலேயே நம்பினார்களா என்று ஒருவர் கேட்கிறார். காலையில் சிரித்துவிட்டு மாலையில் அரைகுறையாக நம்புகிற நம்பிக்கை அது. உங்கள் வீட்டுப் பல்லி சொல்வதை நீங்கள் நம்புகிற அளவுக்கு.

ஆனால் ஒரு சாராரைத் தனியாகப் பார்க்க வேண்டும். எதிரி நாட்டுக்கு மேல் உயரத்தில் தனியாகப் பறந்து படம் எடுத்த விமானிகள். 30,000 அடி, அதற்கும் மேல். இன்றைய பயணிகள் விமானம் போல உள்ளே காற்றழுத்தம் ஏற்றியதில்லை. முகமூடிதான். அந்த உயரத்தில் ஆக்சிஜன் குழாய் கழன்றுவிட்டால் தெளிவாக யோசிக்க ஓரிரு நிமிடம்தான். கெடுதல் என்னவென்றால் மூச்சு முட்டாது. மாறாக ஒரு குஷி வரும், எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். உறைகிற குளிர், தனிமை, மணிக்கணக்காக ஒரே என்ஜின் இரைச்சல். இறக்கையின் மேல் ஒருவன் உட்கார்ந்திருப்பது தெரிந்தால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

12 அக்டோபர்

கிரெம்லின் என்பது, போரில் விமானியாக இருந்த பிரிட்டிஷ் எழுத்தாளர் ரோல்ட் டால் கண்டுபிடித்த சொல் என்று வாசகர் ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். டாலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார். 1929-இல் அவருக்குப் பதின்மூன்று வயது முடியவில்லை.

ஆனால் உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர் அவர்தான். அதை மறுக்க முடியாது. 1942-இல் வாஷிங்டனில் பிரிட்டிஷ் தூதரகத்துக்கு அனுப்பப்பட்டபோது எழுதிய கதை டிஸ்னியிடம் போனது. படம் வரவில்லை, 1943-இல் புத்தகம் மட்டும் வந்தது. அன்றைய அமெரிக்க அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் அதைப் பேரப்பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினாராம். அதில் கிரெம்லின்களின் பெண்டாட்டிகளுக்கு ஃபிஃபினெல்லா என்று பெயர், பிள்ளைகளுக்கு விட்ஜெட். குடும்பம், குட்டி, எல்லாம் ஆகிவிட்டது. டெக்சாஸில் பயிற்சி பெற்ற அமெரிக்கப் பெண் விமானிகள் இந்த ஃபிஃபினெல்லாவைத் தங்கள் சின்னமாகக் கேட்டு வாங்கிச் சட்டையில் தைத்துக்கொண்டார்கள். பயிற்சி முடித்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம், பணியில் இறந்தவர்கள் 38 பேர். இறக்கை முளைத்த ஒரு பெண் குட்டிப்பேய் அவர்கள் மார்பில். பேய் காவல் தெய்வமாக மாறுவது நமக்குப் பழகிய கதைதான், முனீஸ்வரனைக் கேட்டால் சொல்வார்.

டாலைப் பற்றி இன்னொன்று. இதை எழுதாமல் விடமாட்டேன். 1940 செப்டம்பர் 19 அன்று எகிப்தில் கிளாடியேட்டர் விமானம் ஒன்றைத் தன் புதுப் படைப்பிரிவிடம் ஓட்டிக்கொண்டு போனார். சொல்லப்பட்ட இடத்தில் ஓடுதளம் இல்லை. எரிபொருள் தீருகிறது, இருட்டுகிறது. பாலைவனத்தில் இறக்கினார், பாறையில் மோதியது. மண்டை உடைந்து, மூக்கு நொறுங்கி, சில வாரம் கண் தெரியாமல் கிடந்தார். இடத்தைத் தவறாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆனால் 1942-இல் அமெரிக்கப் பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு என்ன தெரியுமா? 'லிபியாவின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டேன்'. அந்த விமானத்தை யாரும் சுடவில்லை, அது லிபியாவும் இல்லை. வழி தப்பி விழுந்ததைச் சொல்லக் கூச்சம். கிரெம்லின் கதையை எழுதியவருக்கே தன் விபத்துக்குக் கிரெம்லின் போதவில்லை, எதிரியின் துப்பாக்கி தேவைப்பட்டது.

13 அக்டோபர்

நேற்று டாலிடம் கொஞ்சம் கடுமையாக நடந்துகொண்டேன். போர்க்காலம், அமெரிக்காவை இழுத்துப் பிடித்து வைப்பதே அவருடைய வேலை, தலைப்பைப் பத்திரிகைக்காரர்கள் ஊதியும் இருக்கலாம். 1986-இல் வெளியான தன்வரலாற்றில் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டார். விபத்து நடந்து 46 வருடம் ஆனது. ஆனாலும் எழுதினார்.

15 அக்டோபர்

எங்கள் மாப்பிள்ளை கதை ஒன்றாவது சொல்லுங்கள் என்கிறார்கள். சரி.

விமானத்தில் வேலை முடிந்தால் முதலில் கருவிகளை எண்ண வேண்டும். பெட்டித் தட்டில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவிலேயே பள்ளம் வெட்டியிருக்கும். ஒரு பள்ளம் காலியாக இருந்தாலும் விமானம் நகரக் கூடாது. கட்டுப்பாட்டுக் கம்பிகளுக்கிடையில் அது போய் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

தொண்ணூறுகளில் ஓர் இரவு ஷிஃப்ட். எங்களோடு ஒரு ஹெல்பர் பையன், வேலைக்கு வந்து நாலு மாதம். மூன்று மணிக்கு எண்ணினால் ஒரு ஸ்பேனர் குறைகிறது. தரைப் பலகைகளைத் தூக்கினோம், இருக்கைகளின் அடியில் டார்ச் அடித்தோம், குப்பைக் கூடையைக் கவிழ்த்தோம். மூன்று பேர் மாறி மாறி விமானி அறையைச் சல்லடை போட்டார்கள். ஒன்றுமில்லை. காலை விமானம் தாமதம் என்று அறிவித்துவிட்டார்கள். கடைசியாக நான் உள்ளே போய், விமானியின் இருக்கைக்குக் கீழேயிருந்து எடுத்தேன். மூன்று பேர் பார்த்த அதே இடம்! மாப்பிள்ளை கொண்டுவந்து வைத்துவிட்டார் என்று ஹேங்கரே சிரித்தது. எனக்கு ஒரு வாரம் டீ இலவசம்.

நிர்வாகம் சிரிக்கவில்லை. அங்கே கடைசியாக வேலை செய்தது ஹெல்பர்தான் என்று எழுதி, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். அது வேறு கதை.

17 அக்டோபர்

10-ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். கிரெம்லினை ரொம்பவும் தூக்கிப் பேசிவிட்டேன். மறுபக்கமும் உண்டு.

ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் போர் விமானங்கள் இரண்டிலும் மெர்லின் என்ஜின். 1940-இல் ஒரு விசித்திரக் கோளாறு. எதிரியைத் துரத்தி மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் என்ஜின் ஒரு கணம் செத்துவிடும். பிறகு கரும்புகை கக்கி எழும். அதற்குள் ஜெர்மன்காரன் போயே போய்விடுவான். அவனுடைய என்ஜினில் எரிபொருள் நேரடியாகப் பீச்சப்படுவதால் இந்தத் தொல்லை அவனுக்கு இல்லை. இதற்கெல்லாம் ஒரு குட்டிப்பேயைக் கைகாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால் கதை என்னவாகியிருக்கும்?

இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் இருந்தார். ப்ரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மணிக்கு 100 மைலுக்கு மேல் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பதக்கம் வாங்கிய பெண்மணி. மூக்கு சாயும்போது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மேலே எழும்பி விடுகிறது. முதலில் பட்டினி, அடுத்த கணம் வெள்ளம். வெள்ளத்தைத் தடுத்தால் போதும் என்று நடுவில் துளையிட்ட ஒரு சின்ன உலோகத் துண்டைக் குழாயில் போட்டார். விரல் நுனியில் நிற்கும். 1941-இல் அவரே ஒரு குழுவோடு தளம் தளமாகப் போய்ப் பொருத்தினார். என்ஜினைக் கழற்றத் தேவையில்லை.

அதனால் என் நிலைப்பாட்டைத் திருத்துகிறேன். ஆளைத் திட்டாமல் இருக்க மாப்பிள்ளை வரட்டும். இணைப்பானைக் கழற்றாமல் இருக்க வரக் கூடாது.

18 அக்டோபர்

கணினிக் கோளாறைக் குறிக்கும் 'பக்' (பூச்சி) என்ற சொல் ஒரு விட்டில் பூச்சியால் வந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. 1947-இல் ஹார்வர்டு கணினியில் சிக்கிய விட்டிலை லாக் புத்தகத்தில் ஒட்டி, 'உண்மையிலேயே பூச்சி அகப்பட்ட முதல் சம்பவம்' என்று எழுதினார்கள். சொல் ஏற்கெனவே இருந்தால்தானே அந்த நகைச்சுவை எடுபடும்? எடிசன் 1878-லேயே அந்தச் சொல்லைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

20 அக்டோபர்

பூச்சி என்றதும் நினைவு வந்தது. விமானத்தைக் கெடுக்கும் குட்டிப் பிராணி உண்மையில் உண்டு. இறக்கை உண்டு, இடுப்பு ஒடிசல், மண் சுமக்கும். குளவி.

விமானத்தின் மூக்குப் பக்கம் விரல் தடிமனில் சில குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பிட்டோ குழாய். எதிர்க்காற்று அதற்குள் அழுத்துகிற அழுத்தத்தையும் வெளியே உள்ள சாதாரண அழுத்தத்தையும் ஒப்பிட்டுத்தான் வேகம் காட்டப்படுகிறது. குழாய் அடைத்துக்கொண்டால், உள்ளே தரைமட்டத்து அழுத்தம் அப்படியே சிறைப்பட்டுக் கிடக்கும். விமானம் ஏற ஏற வெளியழுத்தம் குறையும். வித்தியாசம் கூடுகிறது அல்லவா, அதனால் வேகம் கூடுவதாக முள் பொய் சொல்லும். விமானி வேகத்தைக் குறைப்பார். உண்மையில் விமானம் விழுகிற அளவுக்கு வேகம் குறைந்திருக்கும்.

1996 பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசின் புவெர்த்தோ பிளாட்டாவிலிருந்து கிளம்பிய போயிங் 757 இப்படித்தான் கடலில் விழுந்தது. 189 பேர். பல நாள் தரையில் நின்ற விமானம், குழாய்களுக்கு உறை போடப்படவில்லை. மண்குளவி கூடு கட்டியிருக்கலாம் என்றது விசாரணை. குழாய் கடலோடு போய்விட்டதால் 'இருக்கலாம்' தான். 2013-இல் பிரிஸ்பேனில் சந்தேகமே இல்லை. வந்து இரண்டு மணி நேரம் மட்டும் நின்ற ஏர்பஸ் திரும்பக் கிளம்பியபோது வேகக்கருவி குளறுபடி. மறுபடி இறக்கித் திறந்து பார்த்தால் உள்ளே மண். இரண்டு மணி நேரத்தில் அந்தக் குளவி குடியேறிவிட்டது! சென்னையில் வாடகை வீடு தேடுகிறவர்கள் கவனிக்கவும்.

நம் வீடுகளில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று பாட்டிகள் கலைக்கவிடமாட்டார்கள். எங்கள் ஹேங்கரில் உறைகளை மாட்டுவதும் கழற்றுவதும் எண்ணிக்கையோடு நடக்கும். உறையில் சிவப்பு நாடா தொங்கும், பறக்கும் முன் கழற்றுவதற்காக. போட மறந்தால் குளவி, கழற்ற மறந்தால் அதே விபத்து. அதே 1996 அக்டோபரில் லிமாவிலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று, கழுவும்போது அழுத்தத் துளைகள் மேல் ஒட்டிய நாடாவை எடுக்க மறந்ததால் விழுந்தது. 70 பேர். அங்கே குளவி கூட இல்லை.

23 அக்டோபர்

இன்று ஆயுத பூஜை. அந்தக் கருவிப் பெட்டிகளுக்கு இன்று சந்தனம், குங்குமம், பொரி. திருகும் விசையை அளந்து இறுக்குகிற டார்க் ரென்ச்சுக்குப் பொட்டு வைத்தால் அளவு மாறுமா என்று புதுப் பையன் ஒருவன் கேட்டது நினைவிருக்கிறது. நல்ல கேள்வி. கைப்பிடியில் வைக்கச் சொன்னேன்.

சிரிப்பவர்களுக்கு: கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்கள் உள்ளே தட்டித் தட்டி ஓசை எழுப்பும் குட்டிப் பேய்களுக்காகச் சாப்பாட்டில் கடைசித் துண்டைப் போட்டுவிட்டு வருவார்கள். தைவானில் இன்றும் கணினி அறைகளில் சர்வர் மேல் ஒரு நொறுக்குத்தீனிப் பொட்டலம் இருக்கும். அதன் பெயருக்குச் சமர்த்தாக இரு என்று பொருள். பச்சைப் பொட்டலம்தான் வைக்க வேண்டும், காலாவதித் தேதி தாண்டக் கூடாது. நம் எலுமிச்சம்பழமாவது டயரில் நசுங்கி வேலையை முடித்துக்கொள்கிறது.

27 அக்டோபர்

15-ஆம் தேதிக் குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டிருக்கிறார்: 'மூன்று பேர் டார்ச் அடித்துப் பார்த்த இடத்தில் ஸ்பேனர் எப்படி வந்தது?'

மூன்று நாளாக இதற்கு ஒரு பதிலை எழுதி எழுதி அழித்தேன்.

ஸ்பேனர் என் ஓவராலின் கால் பையில் இருந்தது. விடியற்காலை நாலரைக்கு முகம் கழுவப் போனபோது தொடையில் இடித்தது. நானே வைத்து, நானே மறந்தது. வெளியே வந்து சொல்லியிருந்தால் ஒரு திட்டு, ஒரு மெமோ, அவ்வளவுதான். எனக்குப் பத்து வருட அனுபவம். பேர் வாங்கியவன். சொல்லவில்லை. உள்ளே போய் இருக்கைக்குக் கீழே கையை விட்டு, கையை வெளியே எடுத்தேன்.

பையன் மேல் பழி விழும் என்று அப்போது தெரியாது என்று நேற்றைய வரைவில் எழுதியிருந்தேன். அதையும் அழித்துவிட்டேன். அங்கே கடைசியாக வேலை செய்தவன் யார் என்று எனக்குத் தெரியும்.

டாலுக்கு 46 வருடம். எனக்கு முப்பதை ஒட்டி.

28 அக்டோபர்

மொழிபெயர்ப்பாளருக்கு. 'கிரெம்லின்' என்றே வையுங்கள். மாளிகையைக் 'கிரெம்ளின்' என்று ளகரத்தில் எழுதினால் குழப்பம் வராது. முதல் முறை வருமிடத்தில் அடிக்குறிப்பு போதும்: விமானங்களைக் கெடுப்பதாக விமானப்படையினர் சொல்லிக்கொண்ட குட்டிப் பிராணி, ஏவியவர் எவருமில்லை.

30 அக்டோபர்

அந்தப் பையனைப் பிறகு பார்த்தீர்களா என்கிறார்கள். ஒருமுறை, எட்டு ஒன்பது வருடம் கழித்து, தாம்பரம் பேருந்து நிலையத்தில். நான் கவனிக்காதது போலத்தான் நின்றேன். அவனே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். ஒரு லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக்காக இருப்பதாகச் சொன்னான், கையில் பெண் குழந்தை. என் பஸ் வந்துவிட்டது. ஏறும்போது சிரித்துக்கொண்டே கேட்டான்: 'மாப்பிள்ளை இன்னும் வருகிறாரா சார்?'

வருகிறார் என்றேன்.